ஏழாவது தூணுக்குப் பூச்சு எதற்கு?

"எங்க அப்பா போட்ட கான்கிரீட்ட நானே டெஸ்ட் பண்றேன். நம்பர் நல்லா வந்தாலும் எழுதுவேன், கெட்டதா வந்தாலும் எழுதுவேன். யார் சிமென்ட் திருடினாங்கன்னு அப்புறம் பேசலாம்."

போன ஞாயிறு அடுகோடி கமலா என்க்ளேவ் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் விஜி விட்ட சவால் இது. அவள் மேசையைத் தட்டிய வேகத்தில் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்து, விரித்து வைத்திருந்த கட்டட வரைபடத்தின் மேல் ஓடியது.

அவளுக்கு ஆத்திரம் வரக் காரணம் இருந்தது. கட்டி இரண்டே வருடமான மூன்று மாடிக் கட்டடம் அது. பன்னிரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. கார் நிறுத்தும் தரைத்தளத்தில், தலைக்கு மேலே ஓடும் உத்தரத்தில் ஒரு பிளேடு நுழையும் அளவுக்கு விரிசல் விட்டிருந்தது. கட்டிக் கொடுத்த கம்பெனியின் எஞ்சினியர் பாலசுப்ரமணியன் கூட்டத்துக்கு வந்து கையை விரித்துவிட்டார்.

"டிசைன் சரி. கம்பி சரி. மேஸ்திரி சிமென்ட்ட வித்துட்டான். நாங்க என்ன சார் பண்றது?"

அந்த மேஸ்திரி ஆஸ்டின் டவுன் அசோகன். விஜியின் அப்பா. எஞ்சினியர் சொன்ன வார்த்தை நான்கே நாளில் மூன்று சைட்டுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்று இடத்திலும் "இப்ப வேலை இல்ல மேஸ்திரி" என்றார்கள். முப்பது வருடம் கரணை பிடித்த கை, வீட்டில் டிவி ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

இன்று விஜயதசமி. சவாலுக்குக் குறித்த நாள்.

*

"பெட்டிய எடுத்துக்கலாமாம்மா?" விஜி பூஜை அலமாரி முன்னால் குளித்த தலையோடு நின்று கேட்டாள்.

"இருடீ. சூடம் காட்டாம எடுத்தா வௌங்குமா?"

லட்சுமம்மாவுக்கு ஆயுத பூஜை என்றால் விளையாட்டு இல்லை. நேற்று வீட்டில் இருந்த எந்தக் கருவியும் தப்பவில்லை. அசோகனின் கரணை, தூக்குக்குண்டு, மட்டக்கோல், அவளுடைய தையல் மெஷின், தேங்காய்த் துருவி, எல்லாம் குளித்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க ஓய்வெடுத்தன. அந்த வரிசையில் விஜி தன் ஆய்வுக்கூடத்திலிருந்து வாங்கி வந்த மெஷினும் இருந்தது.

விஜி டிப்ளமா படித்துவிட்டு, கட்டடப் பொருள்களைச் சோதிக்கும் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறாள். லீவு நாள் என்பதால் முதலாளி சீனிவாசராகவன் மெஷினைக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "பாரை வெச்சுப் பாக்காம ஒரு ரீடிங் கூட எடுக்கக் கூடாது."

சூடம் காட்டி முடிந்தது. லட்சுமம்மா பெட்டியைத் தூக்கி மகள் கையில் கொடுத்தாள்.

"நல்லா பூஜை பண்ணியிருக்கேன் கண்ணு. அந்தாளு மூஞ்சில கரிய பூசிட்டு வா."

வெளியே அசோகன் டிவிஎஸ் ஃபிஃப்டியை உதைத்துக்கொண்டிருந்தார். விஜி பின்னால் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நம்பர் கெட்டதா வந்தா இன்னாம்மா பண்ணுவ?"

"எழுதுவேன்னு சொல்லிட்டேனேப்பா."

"அது சரி." கொஞ்ச தூரம் போனபின் மறுபடி கேட்டார். "பன்னெண்டு பில்லரும் பாக்கணுமா? நாலஞ்சு பாத்தா பத்தாதா?"

"பன்னெண்டும்."

வண்டியின் வேகத்தை அசோகன் கொஞ்சம் குறைத்தார்.

*

பாலசுப்ரமணியன் முன்னாலேயே வந்திருந்தார். அவருடைய வெள்ளை மாருதிக்கும் நேற்று பூஜை நடந்திருந்தது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, மூக்கில் செண்டுமல்லி மாலை. இவ்வளவு இடம் காலியாக இருக்க, கோடியில் ஒரு தூணை ஒட்டி உரசாத குறையாக அதை நிறுத்தியிருந்தார்.

சங்கச் செயலாளர் தியோடர் கையில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றார். தபால் ஆபீசிலிருந்து ரிட்டயரானவர். முதல் மாடிக்காரர்.

"ஏம்மா, தப்பா நெனைக்காத. அப்பா வேலைய மகளே டெஸ்ட் பண்ணா நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்களே?"

"அதனாலதான் சார் நம்பர நீங்க எழுதுங்க. மெஷின் காட்டறத எஞ்சினியர் சார் படிக்கட்டும். நான் பிடிக்க மட்டும் பிடிக்கறேன்."

"அதென்ன பண்ணும்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லேன்."

விஜிக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். யார் கேட்டாலும் அவளுக்குக் கோபமெல்லாம் மறந்துவிடும். பெட்டியைக் கார் நிறுத்துமிடத்துத் திண்டின் மேல் வைத்துத் திறந்தாள். டிபன் கேரியர் அளவுக்கு ஒரு மெஷின். அதிலிருந்து இரண்டு ஒயர். ஒவ்வொரு ஒயரின் முனையிலும் ஷூ பாலிஷ் டப்பா போல ஒரு உலோக வட்டு.

"இது தட்டும் சார். இது கேக்கும். தட்டறது நம்ம காதுக்கு எட்டாத சத்தம். பில்லருக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. சத்தம் இங்கேருந்து அங்க போக எவ்ளோ நேரம் ஆகுதுன்னு மெஷின் எண்ணும். அவ்வளவுதான்."

"நேரத்த வெச்சு எப்படிம்மா பலம் தெரியும்?"

"நீங்க இங்கேருந்து சிவாஜிநகர் போறீங்க. ரோடு நல்லா இருந்தா இருவது நிமிஷம். கார்ப்பரேஷன்காரன் தோண்டிப் போட்டிருந்தா?"

"அத ஏன் கேக்கற. ஆட்டோக்காரன் ஊரைச் சுத்தி முக்கால் மணி நேரம் பண்ணிடுவான்."

"அதேதான். கெட்டியான கான்கிரீட்ல சத்தம் நேரா ஓடும். உள்ள ஓட்டை இருந்தா, காத்த தாண்டி அதால போக முடியாது. சுத்திக்கிட்டுத்தான் வரும். லேட்டாகும். லேட்டானா உள்ள ஏதோ சரியில்ல."

ஒரு செகண்டைப் பத்து லட்சம் துண்டாக நறுக்கினால், அதில் ஒரு துண்டு ஒரு மைக்ரோ செகண்ட். மெஷின் எண்ணுவது அந்தத் துண்டுகளை. தூணின் அகலத்தை மில்லிமீட்டரில் எடுத்து, மெஷின் காட்டும் எண்ணால் வகுத்தால், சத்தம் செகண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று நேராக வந்துவிடும். மூன்றரைக்கு மேலே இருந்தால் நல்ல கான்கிரீட். மூன்றுக்கும் மூன்றரைக்கும் நடுவில் சுமார். மூன்றுக்குக் கீழே போனால் சந்தேகம்.

சொல்லிக்கொண்டே விஜி பெட்டியின் ஓரத்துப் பள்ளத்தைத் தடவினாள். பள்ளம் காலியாக இருந்தது.

அங்கே ஒரு உலோக உருளை இருக்க வேண்டும். அரை அடி நீளம், கொய்யாப்பழப் பருமன். சீனிவாசராகவன் சொன்ன 'பார்' அதுதான். அதற்குள் சத்தம் ஓட எவ்வளவு நேரமாகும் என்பதை அதன் மேலேயே செதுக்கியிருப்பார்கள். இருபத்தாறு. தராசுக்குப் படிக்கல் எப்படியோ அப்படி. முதலில் அதை வைத்துப் பார்த்து, மெஷின் இருபத்தாறு காட்டினால்தான் மற்ற வேலை.

"என்னம்மா தேடற?" பாலசுப்ரமணியன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு வீட்ல பூஜை இருக்கு. ஆரம்பிக்கலாமா, இல்ல அடுத்த வருஷ விஜயதசமிக்கு வரட்டுமா?"

மெஷினை முந்தாநாள்தான் ஆய்வுக்கூடத்தில் சரிபார்த்தார்கள். ராத்திரி முழுக்க சாமி முன்னால்தானே இருந்தது, என்ன ஆகியிருக்கப் போகிறது? விஜி பெட்டியை மூடினாள்.

"ஆரம்பிக்கலாம்."

அன்றைக்கு அவள் செய்த தவறு அது.

*

வட்டுக்கும் தூணுக்கும் நடுவில் காற்று இருக்கக் கூடாது. அதனால் கிரீஸ் தடவ வேண்டும். வண்டிக்கு வைத்திருந்த கறுப்பு கிரீஸை அசோகனே இரண்டு வட்டிலும் கட்டைவிரலால் அப்பினார். தரைத்தளத்தில் வெளிச்சம் குறைவு. வெறும் கான்கிரீட்டின் மேல் வெள்ளை மட்டும் அடித்த தூண்கள். குறித்த இடங்களில் வெள்ளையைச் சுரண்டிவிட்டு, விஜி ஒரு பக்கமும் அசோகன் மறுபக்கமும் அழுத்திப் பிடித்தார்கள்.

"எழுபத்தேழு," என்று பாலசுப்ரமணியன் படித்தார்.

தியோடர் எழுதினார். தூணின் அகலம் 230 மில்லிமீட்டர். விஜி மனத்துக்குள் வகுத்தாள். மூன்றுக்கு ஒரு மயிரிழை கீழே.

"ரெண்டாவது பில்லர். எழுபத்தெட்டு."

"மூணு. எழுபத்தேழு."

நான்கும் ஐந்தும் எழுபத்தேழு, எழுபத்தேழு.

அசோகனுக்கு வகுக்கத் தெரியாது. ஆனால் மகளின் முகத்தைப் படிக்கத் தெரியும்.

"விஜி, இன்னாம்மா?"

"சந்தேகம்னு வருதுப்பா."

"சந்தேகமா?" அசோகன் தூணைத் தொட்டார். "இந்த பில்லரா? நானே நின்னு போட்டேம்மா. ஒரு சட்டி தண்ணி கூட எக்ஸ்ட்ரா ஊத்த வுடல."

"மெஷின் பொய் சொல்லாது மேஸ்திரி," என்றார் பாலசுப்ரமணியன். அவர் குரலில் கோபம் இல்லை, சந்தோஷம் இருந்தது. "தியோடர் சார், அஞ்சுக்கு அஞ்சும் ஃபெயில். இதுக்கு மேல பார்க்க என்ன இருக்கு? கீழ ஒரு கோடு போடுங்க. பாப்பா கையெழுத்துப் போடட்டும். சொன்ன வாக்கு இருக்கில்ல?"

"பன்னெண்டு பில்லர் இருக்கு."

"அஞ்சு பருக்கை பார்த்தாச்சு. போதும்மா. சும்னே டைம் வேஸ்ட் பண்ணாத."

தியோடர் பேனாவை நீட்டினார். அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. "சொன்ன மாதிரி நடந்துக்கணும் இல்லையாம்மா?"

விஜி பேனாவை வாங்கினாள். எழுதுவேன் என்றுதான் சொல்லியிருந்தாள். ஆனால் கை நகரவில்லை. அப்பா என்பதால் நகரவில்லையா, வேறு ஏதாவதா என்று அவளுக்கே தெரியவில்லை. ஐந்து தூண்கள், ஐந்து தனித்தனி நாளில் ஊற்றியவை. சிமென்ட் களவு போயிருந்தால் ஒன்றில் கூட, ஒன்றில் குறைய இருக்க வேண்டாமா? எடை போட்டுத் திருடினது மாதிரி ஐந்தும் ஒரே அளவிலா?

"ஒரே ஒரு ரீடிங் சார். இதே அஞ்சாம் நம்பர்ல."

"அதான் எடுத்தாச்சே?"

"முக்கால் அடிப் பக்கம் எடுத்தோம். ஒன்றரை அடிப் பக்கம் எடுக்கல. அப்பா, இப்படித் திரும்பி வாங்க."

தூண் சதுரம் இல்லை. ஒரு பக்கம் 230, மறுபக்கம் 450. கான்கிரீட் ஒன்றுதான். குறுக்கே ஓடினாலும் நெடுக்கே ஓடினாலும் சத்தத்தின் வேகம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க வேண்டும்.

"நூத்தி முப்பத்தி மூணு," என்று படித்தார் பாலசுப்ரமணியன்.

விஜி சுண்ணாம்புக்கட்டியை எடுத்துத் தரையிலேயே உட்கார்ந்து போட்டாள். 450ஐ 133ஆல் வகுத்தால் 3.38. அதே தூண், அதே உயரம். குறுக்கே 2.98, நெடுக்கே 3.38.

"சார், ஒரே ஆள் கொஞ்ச தூரம் ஓடினா மெதுவாவும் ரொம்ப தூரம் ஓடினா வேகமாவும் ஓடுவானா?"

"என்ன சொல்ல வர?"

"ஓட்டம் ஒண்ணுதான் சார். கடிகாரம்தான் தப்பு." அவள் எழுந்தாள். "ரெண்டையும் கழிச்சுப் பாருங்க. எரநூத்தி இருவது மில்லிமீட்டர் கூடுதலா ஓட அம்பத்தாறு மைக்ரோ செகண்ட் கூடுதலா ஆயிருக்கு. அத வகுங்க. மூணு புள்ளி ஒம்போது மூணு. அதுதான் இந்த கான்கிரீட்டோட நெஜமான வேகம். அப்ப முக்கால் அடிக்கு அம்பத்தெட்டரை வரணும். வந்தது எழுபத்தேழு. எல்லா ரீடிங்லயும் பதினெட்டரை எங்கேயோ சும்மா ஒட்டிக்கிட்டிருக்கு."

தியோடர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க ஒட்டிக்கிட்டிருக்கு?"

"அது தெரியல சார். தெரியறதுக்கு ஒரு பார் இருக்கு. அது எங்க வீட்ல இருக்கு. அதப் பாக்காம ஆரம்பிச்சது என் தப்பு."

பாலசுப்ரமணியன் சிரித்தார். "ஆஹா. அப்பா ஃபெயில்னு மெஷின் சொன்னதும் மெஷின் ஃபெயிலா? நல்லா இருக்கும்மா உங்க சயின்ஸ்."

"அந்த பார்ல மெஷின் சரியா இருபத்தாறு காட்டினா, நீங்க சொல்ற எடத்துல கையெழுத்துப் போடறேன். அதுவரைக்கும் இந்தப் பேனா என்கிட்டயே இருக்கட்டும்."

*

தியோடர் வீட்டுப் போனிலிருந்து ஆஸ்டின் டவுன் மளிகைக்கடைக்குப் பேசி, மளிகைக்கடைக்காரர் மாடிக்குக் குரல் கொடுத்து, அரை மணி நேரத்தில் ஆட்டோவில் லட்சுமம்மா வந்து இறங்கினாள். கையில் தாம்பாளத்தட்டு. தட்டில் பட்டுத்துணி. துணி மேல் விபூதிப் பட்டையும் ஒரு செம்பருத்தியுமாக அந்த உருளை.

"இதத்தான கேட்ட? நிமித்தி வெச்சா குட்டி லிங்கம் மாதிரியே இருந்துச்சு. அதான் சாமி பக்கத்துலயே வெச்சுட்டேன். மெஷினோட சாமான்னு யாரு கண்டா?"

தியோடர் இருமுவது போல் சிரிப்பை மறைத்தார்.

விஜி விபூதியைத் துடைத்தாள். உருளையின் இரு முனைகளிலும் வட்டுகளை வைத்து அழுத்தினாள்.

"நீங்களே படிங்க சார்."

பாலசுப்ரமணியன் குனிந்தார். நிமிர மனமில்லாமல் நிமிர்ந்தார்.

"நாப்பத்தி நாலு."

"மேல என்ன செதுக்கியிருக்கு?"

"இருபத்தாறு."

பதினெட்டு. அதே பதினெட்டு. கான்கிரீட்டே இல்லாத இடத்திலும் அது ஒட்டிக்கொண்டிருந்தது. விஜி ஒரு வட்டைத் திருப்பி, கிரீஸைத் துணியால் வழித்தாள். கறுப்புக்கு அடியில் மஞ்சளாக, பொருக்காக, நடுவில் சிவப்பாக ஏதோ இருந்தது.

லட்சுமம்மா எட்டிப் பார்த்தாள். "ஐயையோ, அதையா தேடறீங்க? அது நான் வெச்ச சந்தனம். ரெண்டும் கண்ணு மாதிரி இருந்துச்சேன்னு மூஞ்சி பூரா பூசி, நடுவுல குங்குமம் வெச்சேன்."

"அம்மா!"

"இன்னாடீ? ஆயுதத்துக்கு சந்தனம் வெக்காம வெளக்கெண்ணெயா வெப்பாங்க?"

விஷயம் இதுதான். காய்ந்த சந்தனம் புழுதி மாதிரி. நுண்ணிய காற்றறைகள் நிறைந்தது. சத்தம் அலை அலையாக வரும். முதல் அலைதான் மெல்லியது. அந்த முதல் தட்டல் சந்தனத்துக்குள்ளேயே அமுங்கிவிட, கேட்கும் வட்டுக்கு இரண்டாவது தட்டல்தான் எட்டியது. ஒரு தட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பதினெட்டரை மைக்ரோ செகண்ட். கதவை ஒருவன் தட்டுகிறான், உள்ளே இருப்பவர் இரண்டாவது தட்டலுக்குத்தான் எழுந்து வருகிறார். வந்தவன் தாமதமாக வந்தான் என்று சொல்ல முடியுமா?

வெந்நீர் வந்தது. சந்தனம் கரைந்தது. புதிதாக கிரீஸ் தடவி உருளையில் வைத்ததும் மெஷின் இருபத்தாறு காட்டியது. முதல் ஐந்து தூண்களும் மறுபடி. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது.

"எல்லாம் நாலு கிட்ட சார். நல்ல கான்கிரீட். எங்க அப்பா சிமென்ட் திருடல. பழைய நம்பர அடிக்காதீங்க, பக்கத்துல 'விஜி செய்த தப்பு'ன்னு எழுதிட்டுப் புதுச எழுதுங்க."

அசோகன் தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வையைத் துடைத்தாரா, வேறெதையாவதா என்று யாரும் கேட்கவில்லை.

*

பாலசுப்ரமணியன் புத்திசாலி. சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டார்.

"சரி. ஒத்துக்கறேன். மேஸ்திரி, நான் சொன்னது தப்பு. கம்பெனி லெட்டர்ஹெட்ல எழுதியே குடுக்கறேன். நாளைக்கே நீங்க எந்த சைட்டுக்கு வேணும்னாலும் போலாம். விரிசலுக்கு நாங்களே மருந்து ஊத்தி அடைச்சுக் குடுக்கறோம். இதோட முடிச்சுக்கலாமா?"

"அதான் சொல்லிட்டாரே கண்ணு," என்று லட்சுமம்மா மகளின் கையைப் பிடித்தாள். "அப்பா பேரு கெடைச்சிடுச்சு. வா, வூட்டுக்குப் போலாம்."

"இன்னும் ஏழு பில்லர் இருக்கும்மா."

ஆறாவது தூண் ஐம்பத்தெட்டு. ஏழாவது கோடியில், விரிசல் விட்ட உத்தரத்துக்கு அடியில் இருந்தது. அதன் ஒரு பக்கத்தை மாருதி கார் அடைத்திருந்தது. இரண்டு பக்கமும் வட்டு வைக்க முடியாவிட்டால் சோதனையே கிடையாது.

"வண்டிய கொஞ்சம் நகத்துங்க சார்."

"பேட்டரி டவுன்மா. அதான் ஓரமா விட்டேன்."

"காலைல நீங்கதான ஓட்டிட்டு வந்தீங்க?" என்றார் தியோடர்.

"வந்ததும் டவுனாயிடுச்சு. விடுங்க சார், ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். ஒரு பில்லர் பாக்கலன்னா ஆகாசமா இடிஞ்சு விழும்?"

விஜி குனிந்து பார்த்தாள். மற்ற தூண்களெல்லாம் வெறும் கான்கிரீட். இது மட்டும் தரையிலிருந்து இடுப்பளவு வரை சிமென்ட் பூசி, வழுவழுவென்று இருந்தது.

"இதுக்கு மட்டும் எதுக்கு சார் பூச்சு?"

"வண்டி இடிச்சு மூலை போயிடுச்சு. அதுக்காக."

விஜி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அசோகன் அந்தத் தூணைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காலையில் 'நாலஞ்சு பாத்தா பத்தாதா' என்று கேட்டது இப்போதுதான் அவளுக்குக் காதில் விழுந்தது.

கம்பெனி லெட்டரே போதும் என்று அப்பா சொன்னால் என்ன செய்வது என்று பயந்தாள்.

அசோகன் மெல்ல நடந்து காருக்குப் பின்னால் போனார். வாழைக்கன்றை அவிழ்த்து ஓரமாக வைத்தார். மாலையைக் கழற்றி லட்சுமம்மா தட்டில் போட்டார்.

"தியோடர் சார், அந்தப் பக்கம் கைய வைங்க. ஜன்னல் வழியா ஹேண்ட் பிரேக்க எறக்கிட்டேன். லட்சுமி, நீயும் வா. ஜல்தி."

"மேஸ்திரி, யார் வண்டின்னு தெரியுதா?"

"தெரியுது சார். அந்த பில்லர் யார் போட்டதுன்னும் தெரியும். தள்ளுங்க."

கார் முனகிக்கொண்டு பத்தடி உருண்டது.

*

நெஞ்சளவில் ஐம்பத்தொன்பது. இடுப்புக்குச் சற்று மேலே அறுபத்தாறு. முழங்கால் உயரத்தில், பூச்சின் மேல் வைத்தபோது எண் நிற்கவேயில்லை. ஆடி ஆடி நூற்றுப் பன்னிரண்டில் வந்து நின்றது.

செகண்டுக்கு இரண்டு கிலோமீட்டர். ரோடு அல்ல, குழி.

"எழுதட்டுமா?" தியோடரின் குரல் இறங்கியிருந்தது. இந்தத் தூண்தான் அவர் வீட்டையும் தாங்குகிறது.

"இருங்க சார். பூச்சு உள்ள ஒட்டாம விட்டுப் போயிருந்தாலும் இப்படிக் காட்டும். ஒரு தடவ அவசரப்பட்டது போதும். பூச்ச எடுத்துட்டு மறுபடி பாக்கணும்."

"எடுக்க வேணாம்மா," என்றார் அசோகன். "உள்ள இன்னா இருக்குன்னு நான் சொல்றேன்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"அன்னிக்கு கரண்ட் போயிடுச்சு. கான்கிரீட்ட குலுக்கி எறக்கற வைப்ரேட்டர் நின்னு போச்சு. கான்கிரீட் பாதி உள்ள எறங்கியிருக்கு. கம்பிய வெச்சுக் குத்தினோம், அடி வரைக்கும் எட்டல. மறுநாள் பலகையப் பிரிச்சா, கல்லு கல்லா ஒட்டிக்கிட்டு நடுவுல ஓட்டை. இடிச்சுட்டு வேற போடலாம் சார்னேன். மேல சென்ட்ரிங் பலகை அடிக்கணும், டைம் இல்ல, பூசிடுன்னாரு." அவர் விரல் நீட்டிக் காட்டவில்லை. தேவைப்படவில்லை. "பூசினது இந்தக் கைதான். ரெண்டு வருசமா இந்த ரோட்ல போனா இந்தப் பக்கம் திரும்ப மாட்டேன்."

"நான் சொன்னேன்னு என்னய்யா அத்தாட்சி?" பாலசுப்ரமணியன் கத்தினார். "யோவ், நல்லவன்னு இப்பதான பேர் வாங்கின? உன் வாயாலயே கெடுத்துக்கறியே!"

"அந்தப் பேரு எனக்கு முக்காவாசிதான் சார் சேரும். மீதிய வெச்சுக்கிட்டு நான் இன்னா பண்ண?"

அசோகன் டிவிஎஸ் பையிலிருந்து சுத்தியும் உளியும் எடுத்து வந்தார். கரணையோடு சேர்த்து நேற்று பூஜை போட்ட சுத்தி. பிடியில் குங்குமம் இருந்தது. ஒரு அடிக்கு 'டொப்' என்று வெற்றுச் சத்தம். நான்காவது அடியில் தட்டு அளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது.

உள்ளே கடலை மிட்டாய் போல இருந்தது. ஜல்லி ஜல்லியாக ஒட்டிக்கொண்டு, இடையிலெல்லாம் பொந்து. ஒரு பொந்தில் துருப்பிடித்த கம்பி தெரிந்தது.

லட்சுமம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"இப்ப எழுதுங்க சார்," என்றாள் விஜி. "ஏழாம் நம்பர், சந்தேகம். இன்னிக்கே இரும்பு முட்டு கொடுத்து உத்தரத்தத் தாங்கணும். கட்டடத்த இடிக்க வேணாம், இந்த பில்லரச் சரி பண்ணலாம், வழி இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி யாரும் இந்தப் பக்கம் வண்டி நிறுத்தக் கூடாது."

"யார் பூசினாங்கன்னும் எழுதுங்க," என்றார் அசோகன். "யார் பூசச் சொன்னாங்கன்னும் எழுதுங்க."

தியோடர் எழுதினார். தபால் ஆபீஸ் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. எழுதி முடித்ததும் அசோகன் நோட்டை வாங்கி, நின்றபடியே கையெழுத்துப் போட்டார். கீழே விஜி போட்டாள். அசோகன் பேனாவைப் பாலசுப்ரமணியன் பக்கம் நீட்டினார்.

"உங்களுக்கு எடம் வுட்டிருக்கேன் சார்."

பாலசுப்ரமணியன் பேனாவை வாங்கவில்லை. அவர் கண்கள் பெயர்ந்த பூச்சிலிருந்து மெல்ல மேலே போயின. தூணைப் பிடித்துக்கொண்டே ஏறி, தூண் கூரைக்குள் நுழையும் இடத்தில் போய் நின்றன.

அதை முதலில் கவனித்தவர் தியோடர்.

"ஏன் சார் மேல பாக்கறீங்க?"

பாலசுப்ரமணியன் சட்டென்று பார்வையைக் கீழே இறக்கினார்.

"மேஸ்திரி," தியோடர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "இந்த பில்லர் நேரா எங்க கிச்சன் மூலைக்குத்தான் வருது. அங்கயும் இடுப்பளவுக்கு இதே மாதிரி பூசியிருக்கு. டைல்ஸ் ஒட்டறதுக்காகன்னு நெனச்சிருந்தேன். அதையும் நீங்கதான் பூசினீங்களா?"

அசோகன் கையில் சுத்தி அசையாமல் நின்றது.

"இல்ல சார். மொத மாடிக்கு நான் வரவே இல்ல. கீழ்த்தளம் மட்டும்தான் என் வேலை."

விஜி பெட்டியை மூடப் போனாள். உருளையைத் தேடினாள். பள்ளம் மறுபடியும் காலியாக இருந்தது.

அது லட்சுமம்மா கையில் இருந்தது. ஒரு கையில் உருளை, மறு கையில் கிரீஸ் டப்பா. யாரையும் கேட்காமல் படியில் பாதி ஏறியிருந்தாள்.

"இன்னா நிக்கிறீங்க? இந்தத் தடவ மொதல்ல இத வெச்சுப் பாத்துட்டுத்தான் மத்தது. வாங்க."